மூன்றா, எட்டா: ஒரு கைக்கடிகாரத்தோடு மதுரைக்கும் சோழவந்தானுக்கும்

ஆனி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு டி. கல்லுப்பட்டியில் மதுரை பஸ் புறப்படும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். நான் ஆசிரியையாக இருக்கும் கிராமத்திலிருந்து அது இரண்டு மைல் நடை. கையில் ஒரு துணிப்பை. பைக்குள் மாற்றுப் புடவை, ஒரு நோட்டுப் புத்தகம், கைக்குட்டையில் முடிந்த ஒரு கைக்கடிகாரம். ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது.

பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் ஆள் உயர இரும்பு உருளை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதில் கரியைக் கொட்டி நெருப்பு மூட்டி, கிளீனர் ஒரு கைச்சக்கரத்தைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார். அரை மணி நேரம் கழித்துத்தான் எஞ்சினுக்கு உயிர் வந்தது. மதுரைக்கு இருபத்தாறு மைல். டிக்கெட் பதின்மூன்று அணா. டிரைவர் பெருமாள் எங்கள் ஊர்க்காரர். தனியாகப் போகும் பெண் என்பதால் என்னை முன் பெஞ்சியில் உட்கார வைத்தார். என்ன காரியமாகப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை பார்வதியின் கணவர் முத்தையா ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கடைசிக் கடிதம் தை மாதம் வந்தது. பிறகு குண்டு விழுந்த செய்தி, ஜனங்கள் கால்நடையாக மலை தாண்டி வரும் செய்தி எல்லாம் வந்தன. அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு நாளுக்கு முன்னால், பக்கத்து ஊர்க் கருப்பண்ணன் பர்மாவிலிருந்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். வந்த மறுநாளே பார்வதியின் மாமனார் வீட்டுக்குப் போய் இந்தக் கடிகாரத்தை வைத்தார். பர்மாவின் ப்ரோம் ஊரிலிருந்து வங்காளத்துச் சிட்டகாங்குக்கு வரும் மலைப்பாதையில், ஓர் ஆற்றங்கரை முகாமில், திருநெல்வேலிக்காரர் ஒருவர் இதை அவரிடம் கொடுத்தாராம். வாந்திபேதியில் இறந்த ஒருவருடையது என்றும், அவர் பெயர் முத்தையா, அரிசி ஆலையில் வேலை, மதுரைப் பக்கம் என்றும் சொன்னாராம். கருப்பண்ணனுக்குத் தெரிந்த முத்தையா ஒருவர்தான்.

கல்யாணத்தின்போது எங்கள் அப்பா மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்ததும் இதே சுவிஸ் கம்பெனிக் கடிகாரம்தான். இதே வட்டம், இதே கறுப்பு முள். பார்வதி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் மாமனார் சின்னச்சாமி கொடுமைக்காரர் இல்லை. மகனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டோம் என்று ஆகிவிடக் கூடாதே என்று பயந்தார். திங்கட்கிழமை அமாவாசையன்று காரியத்தை முடித்துவிடுவது என்று தீர்மானித்தார். அன்றைக்குப் பார்வதி தாலியைக் கழற்ற வேண்டியிருக்கும்.

வியாழக்கிழமை நான் கருப்பண்ணனைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, இறந்தவர் எங்கள் முத்தையாதான் என்பதற்கு இந்தக் கடிகாரத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை என்று தெரிந்தது. அப்பா அந்தக் கடிகாரத்தை வாங்கிய அன்று நானும் கடையில் இருந்தேன். கடைக்காரர் பின்மூடியைத் திறந்து, உள்ளே மெஷினில் வெட்டியிருந்த எண்ணைப் பார்த்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி எண் உண்டு, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது என்று அவர் சொன்னார். அந்தச் சீட்டை அப்பா போன பிறகு கறையான் தின்றுவிட்டது. ஆனாலும் கடை இருக்கும் அல்லவா? சின்னச்சாமி மாமாவிடம் இரண்டு நாள் தவணை கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, போயிட்டு வாம்மா என்றார்.

ஆறரைக்குப் பஸ் நகர்ந்தது. இரண்டு பக்கமும் கரிசல் காடு. மழை பார்த்து உழுது போட்டிருந்த நிலம் வெடித்துக் கிடந்தது. எட்டு மைல் தாண்டியதும் எஞ்சின் மூச்சு வாங்கி நின்றது. எல்லாரும் இறங்கினோம். கிளீனர் நீண்ட கம்பியால் உருளையைக் குத்திச் சாம்பலைத் தட்டிவிட்டார். பருத்தித் தரகு பார்க்கிறவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்று, மதுரையில் என்ன வேலை என்று விசாரித்தார். கடிகாரம் ரிப்பேருக்குக் கொண்டு போகிறேன் என்றேன். இந்தக் காலத்தில் சாமான் கிடைக்காது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்று புத்தி சொன்னார்.

திருமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்ததால் கால் மணி நேரம். பிறகு திருப்பரங்குன்றத்து மலை வலப்பக்கம் தெரிந்தது. எப்போது அந்த மலையைப் பார்த்தாலும் மதுரை வந்துவிட்டது என்று மனசு கொஞ்சம் துள்ளும். அன்றைக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. பஸ் இன்னும் மெதுவாகப் போகட்டும் என்றிருந்தது. பத்தே காலுக்கு மதுரையில் இறங்கினேன். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பும் என்று பெருமாள் சொன்னார்.

கடை டவுன்ஹால் ரோட்டில் முன்பிருந்த அதே இடத்தில் இருந்தது. வாசல் கண்ணாடிப் பெட்டியில் பாதி காலி. சண்டை தொடங்கியதிலிருந்து புதுச் சரக்கு வருவதில்லை. முதலாளி ஊரில் இல்லை. உள்ளே ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜைக்குப் பின்னால் ரிப்பேர் பார்க்கும் காதர் பாய் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் எதையோ இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தார். அதை வைத்துவிட்டு நிமிரும் வரை நான் நின்றேன்.

கடிகாரத்தை எடுத்து வைத்து, ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடையில் என் அப்பா வாங்கியது இதுதானா என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். பழைய பேரேடு நாலு வருஷத்துக்குத்தான் இருக்கிறது, அதற்கு முந்தியவை கூரை ஒழுகியதில் நனைந்து போயின என்றார். கடிகாரத்தைத் திரும்பக் கைக்குட்டையில் முடியப் போனேன். முகத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. உட்காரச் சொல்லி ஸ்டூலைத் தள்ளினார். அப்புறம்தான் நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டு முடித்ததும் தான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை ஒரு கண்ணாடி மூடியால் மூடி ஓரமாக வைத்தார்.

"பேரேடு இல்லைன்னா என்ன தங்கச்சி, மெஷினையே கேப்போம். எந்த வருஷம் செஞ்சதுன்னு அது சொல்லும்" என்றார்.

மழுங்கல் கத்தி ஒன்றின் நுனியைப் பின்மூடியின் இடுக்கில் கொடுத்து ஒரு திருப்புத் திருப்பினார். மூடி கழன்றது. மலையில் எத்தனை ஆறு தாண்டி வந்ததோ, உள்ளே தண்ணீர் போயிருந்தது. பித்தளை நிறத் தட்டின் மேல் செம்பழுப்பாகத் துரு படர்ந்திருந்தது. இந்த வாட்சை இதற்கு முன் யாரும் பிரித்ததில்லை என்று அவர் முதலில் சொன்னார். பிரித்திருந்தால் திருகாணித் தலையில் கீறல் இருக்கும், ரிப்பேர்காரன் மூடிக்குள் தன் அடையாளத்தைக் கீறியிருப்பான். இதில் இரண்டும் இல்லை. ஆகவே பழைய கூட்டுக்குள் வேறு மெஷினை மாட்டிய சந்தேகம் வேண்டாம் என்றார்.

பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து அட்டை கிழிந்த ஒரு சிறு புத்தகத்தை எடுத்தார். உதிரிச் சாமான் வரவழைப்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் ஏஜென்டுகளுக்கு அனுப்பியது. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை எந்த வருஷம் செய்தது என்று அதில் வரிசையாகப் போட்டிருந்தது. எங்கள் பக்கத்து ஆடுகளுக்குச் சூடு போடுவதைப் போல எண் போட்டிருக்கிறார்களே என்று நினைத்தேன்.

காதர் பாய் கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். நான் நோட்டில் எழுதினேன். முதல் எண் ஐந்து. இரண்டாவதைச் சொல்லாமல் தாண்டினார். அப்புறம் நாலு, ஒன்று, மூன்று, பூஜ்யம், ஏழு. இரண்டாவது என்ன என்று கேட்டேன். அதன் மேல் துரு உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் கடிகாரத்தை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"மூணு மாதிரி தெரியுது."

புத்தகத்தில் பார்த்தோம். ஐம்பத்து மூன்று லட்சம் என்றால் 1934. அப்பா வாங்கியது 1935-இல். சுவிட்சர்லாந்திலிருந்து கப்பலேறி மதுரைக் கடைக்கு வந்து சேர ஏழெட்டு மாதம் ஆகும். எல்லாம் சரியாகப் பொருந்தியது. நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். தெருவில் ஜட்கா வண்டிக்காரர்கள் இரண்டு பேர் சவாரிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பார்வதியிடம் போய் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் யோசிக்கவே முடியவில்லை.

காதர் பாய் புத்தகத்தை மூடவில்லை. மூன்று மாதிரி தெரிகிறது என்றுதான் சொன்னேன், மூன்று என்று சொல்லவில்லை என்றார். மூன்றுக்கும் எட்டுக்கும் வலப்பக்கம் ஒன்றுதான், இடப்பக்கம்தான் வித்தியாசம்; அந்த இடப்பக்கத்தில்தான் துரு. சுரண்டினால் எண்ணே போய்விடும். துருவை ஊற வைத்து எடுக்கப் பெட்ரோல் வேண்டும். பெட்ரோலுக்கு இப்போது எங்கே போவது? அவரிடம் மருந்து சீசா ஒன்றில் அரை விரற்கடை இருந்தது. மாதக் கணக்காகச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்து வைத்திருந்ததாம். அதில் ஒரு குச்சியைத் தோய்த்து அந்த ஒரே ஓர் எண்ணின் மேல் வைத்தார். அரை மணி ஊறட்டும், போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார். நான் நகரவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. வேறு வேலையை எடுத்துப் பார்த்தார். நடுவில் இரண்டு தரம் குச்சியைத் தோய்த்து வைத்தார்.

பன்னிரண்டு அடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது, ஓர் ஈர்க்கு நுனியில் பஞ்சைச் சுற்றி மெதுவாகத் துடைத்தார். கண்ணாடியைச் செருகிக் குனிந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னிடமே கொடுத்தார். எனக்கு அதைக் கண்ணில் நிறுத்தத் தெரியவில்லை. கையால் பிடித்துக்கொண்டு குனிந்தேன். முதலில் பல் சக்கரங்கள்தான் பெரிதாகத் தெரிந்தன. அப்புறம் எண்கள். ஐந்துக்குப் பக்கத்தில் இரண்டு வட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக, இடைவெளி இல்லாமல் மூடியிருந்தன.

"எட்டு" என்றேன்.

"எட்டேதான். முப்பத்தெட்டாம் வருஷத்து மெஷின். உங்க அப்பா கடைக்கு வந்த அன்னைக்கு இது பிறக்கவே இல்லை."

நான் அழுதேன். ஆசிரியை ஒருத்தி கடையில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்து வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். காதர் பாய் எழுந்து போய் அவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டு அனுப்பிவிட்டு வந்தார். ஆனால் அவர் நியாயஸ்தர். இது உங்கள் அப்பா வாங்கியது இல்லை என்பது நிச்சயம். உங்கள் மாப்பிள்ளை பழையதை விற்றுவிட்டு ரங்கூனில் புதிதாக இதையே வாங்கியிருந்தால் மெஷினுக்குத் தெரியாது என்றார். பொங்கிய பாலில் தண்ணீர் தெளித்தது போல இருந்தது. முப்பத்தெட்டாம் வருஷத்து மெஷின் என்றால் நம் கடைக்கு வந்திருந்தால் முப்பத்தொன்பதில் வந்திருக்கும், அந்தப் பேரேடு இருக்கிறது என்று அவரே உள்ளே போய் எடுத்து வந்தார்.

பக்கத்துக்குப் பத்து வரி. நான் எண்ணைச் சொல்ல, அவர் விரலை வைத்துக்கொண்டே வந்தார். ஆவணி மாதத்துப் பக்கத்தில் விரல் நின்றது. ஐந்து, எட்டு, நாலு, ஒன்று, மூன்று, பூஜ்யம், ஏழு. வாங்கியவர் பெயர்: முத்தையா. வெற்றிலைக் கொடிக்கால், ஆத்தங்கரைத் தெரு, சோழவந்தான்.

அரிசி ஆலையில் வேலை, மதுரைப் பக்கம், முத்தையா. திருநெல்வேலிக்காரர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. கடிகாரம்தான் வேறு முத்தையா வீட்டுக்கு வந்துவிட்டது.

காதர் பாய் கூலி வாங்க மறுத்துவிட்டார். நான் வெளியே வந்து முதலில் கண்ணில் பட்ட ஓட்டலில் ஆறு இட்லி தின்றேன். பன்னிரண்டு நாளில் அன்றுதான் வயிறு பசித்தது. ஆறாவது இட்லியின்போதுதான், சோழவந்தானில் ஒரு வீட்டில் இந்நேரம் யார் சாப்பிட்டார்களோ என்ற எண்ணம் வந்தது. கையைக் கழுவிவிட்டேன்.

பார்வதிக்கு உடனே தெரிய வேண்டும். தந்தி கொடுக்கலாம் என்று தபாலாபீஸ் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். எங்கள் ஊரில் தந்தி என்றாலே சாவுதான். சேவகன் சைக்கிள் தெருவில் திரும்புவதற்குள் அவள் உயிர் போய்விடும். நாலு மணிக்குப் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பெருமாளைப் பிடித்தேன்.

"அண்ணே, அது நம்ம வாட்ச் இல்லைன்னு பார்வதிகிட்ட நீங்களே போய்ச் சொல்லணும். நான் நாளைக்கு உரியவுக வீட்டுல இதைக் குடுத்துட்டு வாரேன்."

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பஸ்ஸை நிறுத்துன கையோட போறேன் டீச்சரம்மா. அம்புட்டுப் பேரும் காத்துக் கெடக்காக" என்றார். அன்றைக்குக் கரி பஸ் கிளம்பிய வேகத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் கண்டதில்லை.

இரவு சிம்மக்கல்லில், என்னோடு பயிற்சிப் பள்ளியில் படித்த தோழி வீட்டில் தங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு இருபது ரயில். சோழவந்தானுக்குப் பதின்மூன்று மைல். மூன்றாம் வகுப்பு நாலணா. வைகைப் பாலத்தைத் தாண்டும்போது கீழே மணல்தான். ஊற்றுத் தோண்டிப் பெண்கள் குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்கள். சமயநல்லூர் தாண்டியதும் பூமியே மாறிவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. நாற்றங்கால், தென்னை, அப்புறம் வேலி அடைத்த கொடிக்கால்கள். கரிசல் காட்டில் பிறந்தவளுக்கு அந்தப் பச்சையைப் பார்த்தால் கண் குளிரும். அன்றைக்கு அதில் கண் நிலைக்கவில்லை. ஏன் தபாலில் அனுப்பாமல் போகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவர் எப்படி இறந்தார் என்பது என் நோட்டில் மட்டும்தான் இருந்தது. அதைத் தபாலில் எழுத எனக்குக் கை வரவில்லை.

எட்டே காலுக்கு இறங்கினேன். ஆத்தங்கரைத் தெருவுக்கு முக்கால் மைல். பர்மா முத்தையா வீடு என்றதும் காட்டினார்கள். வீட்டுக்காரி வேலம்மாள் கொடிக்காலில் இருந்தார். அகத்தி மரங்களில் ஏறியிருந்த வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவே, நிழலும் ஈரமுமான ஒரு சந்தில் நின்று வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்குள்தான். நெற்றியில் குங்குமம் இருந்தது. நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னேன். பர்மா என்ற வார்த்தையைக் கேட்டதும் மடியிலிருந்த வெற்றிலையைக் கூடையில் கொட்டிவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

கடிகாரத்தை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கப்பலேறுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால்தான் வாங்கினார், எனக்கு அடையாளம் தெரியவில்லையே என்றார். பிறகு உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்ததாம். அதில் நான்காக மடித்த ஒரு சீட்டு. எனக்குப் படிக்கத் தெரியாது, இதைப் பத்திரமாக வை என்று சொல்லிக் கொடுத்தார், பாருங்கள் என்று நீட்டினார். டவுன்ஹால் ரோட்டுக் கடைச் சீட்டுதான். நான் என் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். ஏழு எண். ஏழாவதைச் சொன்னபோது என் குரலிலிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

கூச்சல் போடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கூட வந்தவர்கள் இரண்டு பேர் வைகாசியிலேயே ஊர் வந்துவிட்டார்களாம். வழியில் நோவு வந்துவிட்டது, தூக்க முடியவில்லை, விட்டுவிட்டு வந்தோம் என்று மட்டும் சொன்னார்களாம். அதற்குப் பிறகு அவர்கள் இவர் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

"கடைசியில யாராச்சும் பக்கத்துல இருந்தாகளா?" என்று கேட்டார்.

நோட்டைத் திறந்து கருப்பண்ணன் சொன்னதை அப்படியே படித்தேன். திருநெல்வேலிக்காரர் ஒருவர் இரண்டு நாள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தன் கூட்டத்தார் கிளம்பியும் அவர் போகவில்லை. ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து துணியை நனைத்து வாயில் பிழிந்தார். மூன்றாம் நாள் காலை உயிர் பிரிந்தது. ஆற்றங்கரையில் விறகு அடுக்கி எரித்துவிட்டு, கடிகாரத்தை ஊர்ப்பக்கத்து ஆள் யாரிடமாவது சேர்க்க வேண்டும் என்று நாலு நாள் முகாமிலேயே காத்திருந்தார். அவர் பெயரைக் கருப்பண்ணன் கேட்டு வைக்கவில்லை.

வேலம்மாள் அதை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். தண்ணீர் கொடுத்த இடம் வந்தபோது தலையை ஆட்டிக்கொண்டார்.

"ரெண்டு மாசமா கண்ணை மூட முடியலை டீச்சர். காட்டுல தனியாக் கெடந்தாரோ, நாய் நரி இழுத்துச்சோன்னு அதேதான். எரிச்சாகள்ல, அது போதும்."

அப்புறம்தான் அழுதார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகளும் தெருவிலிருந்து ஓடி வந்து அவர் மடியில் ஒண்டிக்கொண்டார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் அந்த ஸ்டூலில் நான் அழுததும், இதுவும் ஒரே எண்ணைப் படித்ததால் வந்தவைதான். என் பாரம் இறங்கியது, அந்தப் பாரம் இங்கே ஏறியது என்று நினைத்துக்கொண்டு வந்தவள் நான். ஆனால் வேலம்மாளின் முகத்தைப் பார்க்கப் பார்க்க, அங்கேயும் ஏதோ ஒன்று இறங்கியிருப்பது தெரிந்தது. புறப்படும்போது வாசல் வரை வந்தார். உங்கள் தங்கச்சி வீட்டுக்காரர் வந்துவிடுவார், மனசைத் தளர விட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார்.

பன்னிரண்டரை ரயிலில் மதுரைக்கு டிக்கெட் எடுத்து ஏறினேன். ஜன்னலோர இடம். சமயநல்லூர் வந்தது தெரியும். அதற்குப் பிறகு யாரோ தோளைத் தட்டினார்கள். டிக்கெட் பரிசோதகர்; வெளியே திருமங்கலம் ஸ்டேஷன். மதுரையில் வண்டி இருபது நிமிஷம் நின்று, கூட்டம் இறங்கி ஏறி, கூலிகள் கத்தி, இதெல்லாம் நடந்தும் நான் விழிக்கவில்லை. கூடுதல் கட்டணத்தை அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பஸ்ஸில் வர வேண்டிய வழியிலேதான் வண்டி என்னைக் கொண்டுவந்து இறக்கியிருந்தது. அம்மா எங்கே போகணும் என்றார். இங்கேதான் என்றேன். அவரும் சிரித்தார்.

பெருமாளுடைய பஸ்ஸிலேயே சாயங்காலம் கல்லுப்பட்டி வந்தேன். சின்னச்சாமி மாமா பஸ் நிற்கும் புளியமரத்தடியில் நின்றிருந்தார். முந்தின நாள் செய்தி வந்ததுமே திங்கட்கிழமைக் காரியத்துக்குச் சொல்லி வைத்தவர்களிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வழியெல்லாம் மழை வருமா வராதா என்பதைப் பற்றியே பேசினார். அத்தனை பேச்சு அவரிடமிருந்து நான் கேட்டதில்லை.

பார்வதி அடுப்படியில் இருந்தாள். குளித்துத் தலை வாரியிருந்தாள். சோறு வடித்த வாசனை அடித்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணைப் பற்றி, கடையைப் பற்றி, துருவைப் பற்றிக் கேட்பாள் என்று நான் வரிசையாகச் சொல்லத் தயாராக இருந்தேன்.

"அந்த அக்காவுக்கு எத்தனை பிள்ளைக?" என்று கேட்டாள்.

இரண்டு என்றேன்.

ஐப்பசி மாதம், அடைமழை நாளில், முத்தையா வந்து சேர்ந்தார். மணிப்பூர் வழியாக நடந்து வந்து, மலேரியாவில் விழுந்து, அஸ்ஸாமில் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் நினைவு தப்பியும் தப்பாமலும் கிடந்திருக்கிறார். எழுதிப் போட்ட கார்டு ஒன்றும் வந்து சேரவில்லை. உடம்பு தேறியதும், சோழவந்தானுக்கு ஒரு நடை போய் வர வேண்டும் என்று பார்வதிதான் சொன்னாள். கார்த்திகையில் மூன்று பேரும் போனோம். ரயிலை விட்டு இறங்கியதும் அவள் கணவரைப் பிளாட்பாரத்துப் பெஞ்சியில் உட்காரச் சொல்லிவிட்டாள். உசிரோடு திரும்பி வந்தவரை அந்த அக்கா கண் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம் என்றாள். அவரும் சரியென்று உட்கார்ந்துகொண்டார்.

வேலம்மாள் வெள்ளைச் சேலையில் இருந்தார். பார்வதியின் வீட்டுக்காரர் வந்துவிட்டதை நான் சொன்னதும் அவளை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, எப்போது வந்தார், எப்படி இருக்கிறார், சாப்பாடு இறங்குகிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கூட வரவில்லையா என்று கேட்டபோது பார்வதிக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. ஸ்டேஷனில் இருக்கிறார் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"அம்புட்டுத் தூரம் கூட்டியாந்துட்டு அங்கயா உக்கார வச்சீக? அந்த மலை தாண்டி வந்தவுக ஒருத்தரையாச்சும் நான் பாக்க வேணாமா? கூட்டியாங்க, சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

பார்வதி எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அதனால் ஸ்டேஷனுக்கு நான்தான் திரும்பி நடந்தேன். வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முத்தையா நாங்கள் விட்ட பெஞ்சியிலேயே, விட்டபடியே உட்கார்ந்திருந்தார். தூரத்தில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வரச் சொல்றாக" என்றேன்.